எண்பத்திரண்டாவது படி

பத்மநாதனுக்கு லண்டனில் ஏழு வருஷம் முடிந்த பிறகுதான் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. எண்பத்தைந்தில் வந்தவர். முதலில் ஒரு வருஷம், பிறகு மூன்று, அதன் பிறகு இன்னொரு மூன்று என்று துண்டுதுண்டாகத் தந்த விசாவை வைத்துக்கொண்டு, ஆர்ச்வேயில் ஓர் அறையிலும் ஹொலோவே ரோட்டில் ஒரு பெற்றோல் ஷெட்டிலுமாக அவருடைய வாலிபம் போய்க்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு ஷெட்டைத் திறப்பார். இரண்டு மணிக்குக் கல்லாவை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு அறைக்கு நடந்து வருவார். வெள்ளிக்கிழமைகளில் ஹைகேற் ஹில் முருகன் கோவில். இதற்கு வெளியே லண்டனில் அவர் எதையும் பார்த்ததில்லை.

நிரந்தர அனுமதி கிடைத்ததும் யாழ்ப்பாணத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் சந்திரவதனா. வயது இருபத்தொன்பது. நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவர். சண்டை நடக்கும் யாழ்ப்பாணத்துக்குப் பத்மநாதன் போகமுடியாது. போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. பெண்ணுக்கு லண்டன் விசா கலியாணத்துக்கு முன் கிடைக்காது. அந்த நாட்களில் இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் செய்ததையே இவர்களும் செய்தார்கள். இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ஊரொன்றில் கலியாணத்தை வைத்தார்கள். கோலாலம்பூரில் பத்மநாதனின் தகப்பன் வழியில் ஒரு மாமி இருந்தார். பாலாம்பிகை என்று பெயர். பிரிக்பீல்ட்ஸில் வீடு. அவருடைய கணவர் மலாயா ரெயில்வேயில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து காலமானவர்.

புறப்பட முன் பத்மநாதன் ஒரு வேலை செய்தார். இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடமொன்றுக்குப் போனார். அங்கே கத்தரின் என்ற வழக்கறிஞர் இருந்தார். நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, மேசை நிறையக் கோப்புகள்.

"கலியாணம் செய்தால் மட்டும் போதாது" என்றார் கத்தரின். "இந்தக் கலியாணத்தின் முதல் நோக்கம் இங்கிலாந்துக்கு வருவதல்ல என்று உங்கள் மனைவி நிரூபிக்க வேண்டும்."

"அதை எப்பிடி நிரூபிக்கிறது?"

"கஷ்டம்தான். சட்டம் அப்படி. கடிதங்களை வைத்திருங்கள். ரெலிபோன் பில்களை எறியவேண்டாம். அங்கே இருக்கும் நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போங்கள், படம் எடுங்கள். மணவறையில் எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கும். சாதாரணமாக இருக்கும் படங்கள் வேண்டும்."

பத்மநாதன் ஒரு கமெராவும் முப்பத்தாறு படம் எடுக்கும் சுருள் இரண்டும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோவிலில் தாலி கட்டினார். பெண்ணுடன் வந்திருந்தவர் அவருடைய தமையன் சபாரத்தினம் மட்டும்தான். கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் இராணுவத்திடம் பயண பாஸ் எடுத்து, கொழும்பு வந்து சேரவே அவர்கள் இருவருக்கும் ஒன்பது நாள் ஆகியிருந்தது. தாய் தகப்பன் அந்தப் பாதையில் வர ஏலாதென்று ஊரிலேயே நின்றுவிட்டார்கள்.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள். முன்னறையில் ஒரு கதிரையில் பத்மநாதன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மற்றக் கதிரையில் சந்திரவதனா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் சபாரத்தினம் இருந்து ஊர்ப் புதினம் சொல்லிக்கொண்டிருந்தார். பாலாம்பிகை மாமி தேத்தண்ணியோடு வந்து இந்தக் காட்சியைப் பார்த்தார்.

"என்ன இது, ஆஸ்பத்திரியிலை நம்பருக்குக் காத்திருக்கிற மாதிரி" என்றார். "ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ. இவ்வளவு தூரம் வந்து கே.எல். பாக்காமல் போறதே? சபா, நீ இஞ்சை நில். எனக்குத் தேங்காய் துருவ ஆள் வேணும்."

முதலில் ரெயில்வே ஸ்டேஷனுக்குப் போனார்கள். மாமி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வெள்ளை வெளேரென்று, குட்டிக்குட்டிக் கோபுரங்களும் வளைவுகளுமாக, ரெயில் வரும் இடம் என்று சொல்லமுடியாத ஒரு கட்டடம். பத்மநாதன் வழியில் போன ஒருவரிடம் கமெராவைக் கொடுத்தார். இருவரும் இரண்டு அடி தள்ளி நின்றார்கள். கமெராக்காரர் கையைக் காட்டிக் கிட்டப் போகச் சொன்னார். ஓரடி கிட்டப் போனார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் பத்மநாதன் "சரி, போவம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் சந்திரவதனா. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ் வளைவும் மேல் வளைவும் ஒரு அளவில்லை. பாத்தீங்களே? கீழை அகலம், மேலை ஒடுக்கம். அதுதான் கட்டடம் பாரமில்லாமல் நிக்கிற மாதிரித் தெரியுது."

பத்மநாதன் பார்த்தார். அவருக்கு எல்லா வளைவும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் மூன்று நாளில் அவள் தன்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்பது அவருக்குத் தெரிந்தது. "எது அகலம்? காட்டும் பாப்பம்" என்று கேட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் வெளிக்கிட்டார்கள். மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போய், எதிரே இருக்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்தார்கள். இரண்டு ஆறுகள் கலக்கும் மூலையில் இருந்த ஜாமெக் பள்ளிவாசலுக்குப் போனார்கள். வாசலில் சந்திரவதனாவுக்கு ஒரு நீள அங்கி கொடுத்தார்கள். அது நிலத்தில் இழுபட்டது. பத்மநாதன் குனிந்து அதன் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோலாலம்பூர் என்றால் சேறான ஆறுகள் கூடும் இடம் என்று அர்த்தமாம், மாமி சொன்னவ என்றார். இருவரும் எட்டி ஆற்றைப் பார்த்தார்கள். பெயருக்கேற்ற மாதிரித்தான் இருந்தது. மாரியம்மன் கோவிலில் ஓர் ஐயர் படம் எடுத்துக் கொடுத்தார். தேசிய மியூசியத்தில் பத்மநாதன் ஒரு வாங்கில் இருந்து நித்திரையாகிப் போனார். சந்திரவதனா எல்லா அறையும் சுற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். எழுப்பவில்லை.

ஏரித் தோட்டத்துக்குக் கிட்ட இருந்த தேசிய நினைவுச் சின்னத்தில்தான் அவர் கனநேரம் நின்றார். வெண்கலத்தில் பெரிய பெரிய போர்வீரர்கள் கொடியோடு நின்றார்கள். அவர்களின் காலடியில் எதிரிகள் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள்.

"விழுந்து கிடக்கிறவைக்கும் முகம் செய்திருக்கினம்" என்றார் சந்திரவதனா.

பத்மநாதன் சண்டை முற்ற முன்னமே வெளிக்கிட்ட ஆள். அவள் எட்டு வருஷம் அதற்குள் இருந்து வந்தவள். "வெயிலுக்கை நிக்காமல் வாரும்" என்றார். சந்திரவதனா வந்தார். மரநிழலில் இருந்து, தங்கள் ஒழுங்கையில் ஷெல் விழுந்த வீடுகள் எவையெவை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்கு அவர்கள் படம் எடுக்க மறந்துபோனார்கள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கப் பத்துமலைக்குப் போனார்கள். செங்குத்தான சுண்ணாம்பு மலை. மேலே குகைக்குள் முருகன். அதற்கு இருநூற்று எழுபத்திரண்டு படிகள். சந்திரவதனா சிவப்புச் சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினார். பத்மநாதனும் ஏறினார். கொஞ்சத் தூரம் போனதும் அவர் ஒரு பிழை விட்டார். திரும்பிக் கீழே பார்த்தார். ஆட்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். படிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து வருவது போல இருந்தது. கை கால் விறைத்தது. அப்படியே படியில் குந்திவிட்டார்.

"என்ன, காலுக்கு ஏலாதே?"

"தலை சுத்துது. எனக்கு உயரம் சரிவராது. சின்னனிலையிருந்து அப்பிடித்தான். நீர் போய்க் கும்பிட்டிட்டு வாரும்."

"இறங்குவமே?"

"இல்லை, போம். நான் மெல்ல மெல்ல இறங்கிறன்."

சந்திரவதனா கமெராவை வாங்கிக்கொண்டு ஏறினார். மேலே ஒரு சீனப் பெண்ணிடம் கொடுத்துத் தன்னை மட்டும் ஒரு படம் எடுப்பித்தார். இறங்கி வந்தபோது பத்மநாதன் கீழே குரங்குகளுக்கு நடுவில் ஓர் இளநீரோடு நின்றார். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"எண்பத்திரண்டாவது படியிலை இருந்தனீங்கள். வரேக்கை எண்ணினனான்" என்றார் சந்திரவதனா.

"இதை அண்ணைக்குச் சொல்லாதையும்" என்றார் பத்மநாதன். "லண்டன் மாப்பிள்ளை படியேற ஏலாமல் குந்தினவர் எண்டு ஊர் முழுக்கப் போய்விடும்."

"சரி. அண்ணைக்குச் சொல்லேல்லை."

அன்று பின்னேரம் சபாரத்தினம் கேட்டபோது, "நல்லாய் ஏறிக் கும்பிட்டம்" என்று பத்மநாதன் சொன்னார். சந்திரவதனா வாய் திறக்கவில்லை. மாமி மட்டும் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

சுபாங் விமான நிலையத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். இவர் லண்டனுக்கு, அவர்கள் கொழும்புக்கு. சபாரத்தினம் யாழ்ப்பாணம் திரும்ப, சந்திரவதனா திரும்பவில்லை. விசா அலுவலுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்மநாதன் ரெலிபோன் எடுப்பார். விண்ணப்பத்தோடு வைக்கக் கணவரின் கடிதமொன்று வேண்டும் என்று பிரிட்டிஷ் தூதரகத்தில் சொன்னார்கள். பத்மநாதன் ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதினார். கோலாலம்பூரில் எங்கெங்கே போனார்கள் என்று நாள் வாரியாக எழுதினார். பத்துமலைக்கு வந்தபோது, "நாங்கள் இருவரும் இருநூற்று எழுபத்திரண்டு படிகளையும் ஏறி உச்சியில் வணங்கினோம்" என்று எழுதினார். ஏற்கெனவே பல பேருக்குச் சொன்ன கதை. அவருடைய கை தானாகவே எழுதியது.

அடுத்த பெப்ரவரியில் சந்திரவதனாவுக்கு நேர்காணல் நடந்தது. ஒன்றரை மணித்தியாலம். ஏப்ரலில் மறுப்புக் கடிதம் வந்தது. பத்மநாதன் அதன் பிரதியோடு கத்தரினிடம் ஓடினார். கத்தரின் கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

"உங்கள் மனைவி பத்துமலை உச்சிக்குத் தான் தனியாகப் போனதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் இருவரும் போனதாக எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்து செலவழித்ததாகச் சொல்லும் நாட்களே நம்பத்தகாதவை என்கிறார் அதிகாரி." கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டு பேரில் யார் சொல்வது பொய்?"

பத்மநாதன் மேசைமேல் இருந்த கோப்புகளைப் பார்த்தார். "அவளுக்கு மறந்துபோயிருக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில், "நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டார்.

"அந்த அதிகாரி கேட்டவர், சொன்னனான்."

"சொல்லவேண்டாம் எண்டெல்லே கேட்டனான்."

"அண்ணைக்குத்தான் சொல்லவேண்டாம் எண்டு கேட்டனீங்கள். நான் இண்டுவரைக்கும் அண்ணைக்குச் சொல்லேல்லை."

பத்மநாதனுக்குக் கோபம் வந்தது. "இப்ப நீர் ஒரு கடிதம் எழுதித் தாரும். பயத்திலை மாறிச் சொல்லிப்போட்டன், ரெண்டு பேரும் ஏறினது எண்டு. நான் அப்பீலிலை குடுக்கிறன்."

சந்திரவதனா சொன்னார். "நான் ஏறினனான். நீங்கள் ஏறேல்லை. அதை நான் எப்பிடி மாத்தி எழுதுறது? எழுதினால் அவை மற்றதுகளையும் பொய் எண்டுதான் நினைப்பினம். ஸ்டேஷன், பள்ளிவாசல் எல்லாத்தையும். அதுகள் பொய்யில்லையே."

பத்மநாதன் போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. ஷெட்டில் காருக்குப் பெற்றோல் அடித்தவர்களிடம் பம்ப் இலக்கத்தை மாறிக் கேட்டார். அறையில் ஒருநாள் படங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். ஐம்பத்து மூன்று படங்கள். ரெயில்வே ஸ்டேஷனில் இருவரும் இரண்டு கம்பங்கள் போல நின்றார்கள். மாரியம்மன் கோவில் படத்தில் சந்திரவதனா ஏதோ சொல்ல, இவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்துமலைப் படத்தில் அவள் தனியாக நின்றாள். பொய்யை இனி வைத்திருக்க முடியாது என்பதல்ல அவருக்கு உறைத்தது. தன் வெட்கத்துக்காக அவளையே பொய்க்காரியாக்கப் பார்த்தார் என்பதுதான்.

மூன்றாம் ஞாயிறு எடுத்தார். லொட்ஜ்காரர் கூப்பிட, சந்திரவதனா வர இரண்டு நிமிஷம் ஆனது.

"நான் எழுதினது பிழை. அப்பீலிலை உள்ளதை அப்பிடியே சொல்லப்போறன்" என்றார்.

"ஓம்" என்றார் சந்திரவதனா. பிறகு, "சாப்பிட்டிட்டீங்களே?" என்று கேட்டார்.

பத்மநாதன் கத்தரினுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "நான் நினைத்தேன். மனைவிமார் இப்படிப்பட்ட விஷயங்களை மறப்பதில்லை. ஆனால் இதை ஒத்துக்கொண்டால் நீங்கள் பொய் சொல்லும் ஆள் என்று அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். அதற்குத் தயாரா?"

"வேறை வழியிருக்கே?"

"இல்லை."

அப்பீல் விசாரணை தொண்ணூற்றைந்து ஜூனில்தான் வந்தது. நீதிமன்றம் என்று பத்மநாதன் நினைத்திருந்தார். ஆனால் அது கம்பளம் விரித்த ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் தீர்ப்பாளர். ஒரு பக்கம் அரசாங்கத்துக்காக வந்த இளைஞர். மறுபக்கம் கத்தரினும் பத்மநாதனும். கடன் வாங்கிய கோட் தோளில் இறுக்கிப் பிடித்தது.

அரசாங்க இளைஞர் நேராகப் பத்துமலைக்கே வந்தார். "உங்கள் கடிதத்தில் இருவரும் உச்சிக்கு ஏறியதாக இருக்கிறது. உண்மையா?"

"இல்லை."

இளைஞர் அதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைத் திருப்பினார். "அப்படியானால் பொய் எழுதினீர்கள்."

"ஓம். எனக்கு உயரம் எண்டால் பயம். பாதியிலும் பாதியில இருந்திட்டன். மச்சானுக்கு முன்னாலை வெட்கமாயிருந்தது, ஏறினன் எண்டு சொன்னன். பிறகு எல்லாருக்கும் சொன்னன். கடைசியாய் உங்களுக்கும் எழுதிப்போட்டன்." இதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். இலக்கணம் அங்குமிங்கும் இடறியது.

தீர்ப்பாளர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "உங்கள் மனைவி உச்சியில் இருந்த நேரம் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"படியில குந்தி இருந்தே ஒவ்வொண்டாய் இறங்கினன். குழந்தைப் பிள்ளை இறங்குமே, அப்பிடி. ஒரு கிழவி எனக்குக் கை தந்தவ. கீழை வந்து ஒரு இளநீர் குடிச்சன்."

"நினைவுச் சின்னத்தில் எடுத்த படம் ஒன்றும் இல்லையே. போனதாக இருவரும் சொல்கிறீர்கள்."

"அண்டைக்கு அவ ஊரிலை ஷெல் விழுந்த வீடுகளைப் பற்றிச் சொன்னவ. படம் எடுக்க நினைவு வரேல்லை."

தீர்ப்பாளர் தன் முன்னாலிருந்த நேர்காணல் பதிவில் ஏதோ ஓர் இடத்தைத் தேடி வாசித்தார். பிறகு எழுதினார். கனநேரம் எழுதினார். பத்மநாதனின் உள்ளங்கை வியர்த்து, மேசைக் கண்ணாடியில் ஈரக் கறை விழுந்திருந்தது. அதைக் கோட் கையால் துடைத்தார்.

தீர்ப்பு ஐந்து கிழமையில் தபாலில் வந்தது. கத்தரின் ரெலிபோனில் வாசித்துக் காட்டினார். தம்பதியர் சொன்னவை சின்ன விஷயங்களில்கூடப் பொருந்துகின்றன. கணவர் சொன்ன ஒரே பொய் அவருடைய தற்பெருமைக்காகச் சொன்னது. அது மனைவிக்கு விசா எடுப்பதற்காகச் சொன்னதல்ல, உண்மையில் அதனால்தான் விசா கிடைக்காமல் போனது. அப்பீல் அனுமதிக்கப்படுகிறது.

"தற்பெருமை எண்டு எழுதியிருக்கோ?" என்று பத்மநாதன் கேட்டார்.

"ஆம். ஏழாம் பக்கத்தில்" என்றார் கத்தரின். அவர் சிரிப்பை அடக்குவது போனில் கேட்டது.

சந்திரவதனா அக்டோபர் பன்னிரண்டாம் திகதி ஹீத்ரோவில் வந்து இறங்கினார். ஒரு சூட்கேஸ், அளவுகோல்களும் பேனைகளும் உள்ள ஒரு மரப்பெட்டி. ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது, ரோட்டுக்கு மேலே உயரத்தில் நின்ற இரும்புப் பாலத்தைப் பார்த்து, "உது எப்ப கட்டினது?" என்று கேட்டார். அதற்குக் கீழே பத்து வருஷமாக நடந்த பத்மநாதனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் அங்கே பதித்திருந்த வருஷத்தை வாசிக்க ஏறிப் போனார்கள். சந்திரவதனா வாசித்தார். பத்மநாதன் பாலத்தின் தொடக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மூன்று கிழமைகூட அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கக் கிடைக்கவில்லை. மாதம் முடிய, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஓர் இரவில் இடம்பெயர்ந்தது. சந்திரவதனாவின் தாய் தகப்பனும் சபாரத்தினமும் எங்கே என்று தெரியவில்லை. பத்மநாதன் ஷிப்ட் முடிந்து வந்து கொழும்பிலும் வவுனியாவிலும் தெரிந்த ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தார். சந்திரவதனா பக்கத்தில் இருந்து, விசாரித்த பெயர்களைக் கொப்பியில் எழுதி ஒவ்வொன்றாகக் கீறினார். அழவில்லை. சமைத்தார், சாப்பிடவில்லை. ஜனவரி நடுப்பகுதியில் சபாரத்தினத்தின் கடிதம் வந்தது. மூன்று பேரும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், ஐயாவுக்குக் காலில் காயம், மற்றப்படி சுகம். கடிதத்தைப் படித்த பிறகுதான் சந்திரவதனா அழுதார். பத்மநாதன் அன்று வேலைக்குப் போகவில்லை. புட்டு அவித்தார். அது கட்டிபட்டிருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் செவன் கிங்ஸில் இரண்டு அறை வீடு எடுத்தார்கள். சந்திரவதனா கம்ப்யூட்டரில் படம் வரையும் வகுப்புக்குப் போனார். மகள் அருள்மலர் பிறந்து எட்டு மாதத்தில் அவருக்கு உள்ளூர்க் கவுன்சில் ஒன்றின் வீதிப் பகுதியில் வேலை கிடைத்தது. கலியாணத்தின் முதல் நோக்கத்தை நிரூபிக்கக் கேட்ட அந்தச் சட்டம் தொண்ணூற்றேழாம் ஆண்டு நீக்கப்பட்டது. பத்மநாதன் பேப்பரில் வாசித்துச் சொன்னார். "இனி வாறவை தப்பினவை" என்றார் சந்திரவதனா. அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில், சந்திரவதனா வரைந்து கொடுத்த முதல் வேலை ரோட்டில் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெள்ளைக் கோடு போட்ட பாதசாரிக் கடவை. சனிக்கிழமை காலை மூவரும் பஸ் எடுத்துப் போனார்கள். கோடுகள் புதுப் பெயின்ற் மணத்தோடு இருந்தன. சந்திரவதனா குனிந்து கோட்டுக்கும் கரைக்கும் இடையிலான தூரத்தைப் பாதத்தால் அளந்தார்.

"சரியாயிருக்கே?" என்று கேட்டார் பத்மநாதன்.

"ரெண்டு அங்குலம் தள்ளிப் போட்டிருக்கினம். திங்கட்கிழமை சொல்லவேணும்."

ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. பத்மநாதன் பிள்ளையின் வண்டிலைத் தள்ளிக்கொண்டு முன்னே போக, மூவரும் கடந்து மறுகரைக்குப் போனார்கள்.